பேட்ரிக் கெடிஸ்

சர் பேட்ரிக் கெடிஸ் (அக்டோபர் 2, 1854 - ஏப்ரல் 17, 1932) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியலாளரும் சமூகவியலாளரும் நகரத் திட்டமிடலாளரும் ஆவார். தற்கால நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 1914 ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநரின் அழைப்பின் பேரில் இந்தியா வந்த இவர், தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட தமிழக நகரங்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். ஒரு நகரை மாற்றியமைக்க முற்படுபவர் முதலில் அந்நகரத்தையும் அதில் வாழும் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதும், குடியிருப்போரின் ஒத்துழைப்பு இல்லாத திட்டம் நிலைக்காது என்பதும் இவரது அடிப்படைக் கொள்கைகள். திட்டமிடலில் குடிமக்கள் பங்கேற்பு என்ற கருத்து 1960களில் பரவலாகப் பேசப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இவர் அதன் சில கூறுகளைச் செயலில் காட்டினார். எனினும் முடிவெடுக்கும் அதிகாரத்தை இவர் மக்களிடம் ஒப்படைத்தாரா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியதாக உள்ளது.

இளமையும் கல்வியும்

கெடிஸ் ஸ்காட்லாந்தின் அபர்டீன்சயர் பகுதியிலுள்ள பாலட்டர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் கெடிஸ் படைத்துறையில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரருகே குடியேறியதால் கெடிசின் இளமைக்காலம் அங்கேயே கழிந்தது. வீட்டுத் தோட்டத்திலும் சுற்றியிருந்த குன்றுகளிலும் தந்தையுடன் நடந்து செடிகொடிகளைக் கவனித்த பழக்கம், பிற்காலத்தில் இவர் நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து ஆராய்ந்த முறைக்கு வித்திட்டது எனலாம்.

தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெடிஸ், அங்கு கற்பிக்கப்பட்ட முறை பிடிக்காமல் ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் லண்டனுக்குச் சென்று, டார்வினின் கொள்கைக்கு ஆதரவாக வாதிட்டவரும் புகழ்பெற்ற உயிரியலாளருமான தாமஸ் என்றி அக்சுலியிடம் பயின்றார். பிரான்சில் தங்கியிருந்தபோது, சமூக ஆய்வாளர் பிரடெரிக் லெ பிளேயின் கருத்துகள் இவரை ஈர்த்தன. இடம், தொழில், குடும்பம் ஆகிய மூன்றையும் இணைத்தே ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்பது லெ பிளேயின் கொள்கை. கெடிஸ் இதனைத் தமது ஆய்வுகளில் இடம், தொழில், மக்கள் என அமைத்துக்கொண்டார்.

1879 இல் ஆய்வுப் பயணமாக மெக்சிகோ சென்றபோது கெடிசின் கண்பார்வை தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டது. இருண்ட அறையில் பல வாரங்கள் அடைபட்டிருந்த காலத்தில், தாளை மடித்துக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தைப் பொருத்தி, அவற்றுக்கிடையேயான உறவுகளைச் சிந்திக்கும் ஒரு முறையை உருவாக்கினார். பார்வை மீண்டாலும், நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்ற இயலாத நிலை ஏற்பட்டது. இதன் பின்னர் இவரது கவனம் படிப்படியாக உயிரியலிலிருந்து சமூகத்தின்பால் திரும்பியது.

1888 முதல் 1919 வரை டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். சே. ஆர்தர் தாம்சனுடன் இணைந்து எழுதிய பாலினப் படிமலர்ச்சி பற்றிய நூல் 1889 இல் வெளியானது.

எடின்பரோ பழைய நகரில் பணிகள்

1886 இல் கெடிஸ் அன்னா மார்ட்டன் என்பவரை மணந்தார். வசதியான புறநகரில் வாழக்கூடிய நிலையில் இருந்தும், இருவரும் எடின்பரோ பழைய நகரில் சேம்ஸ் கோர்ட் என்னும் இடத்திலிருந்த நெருக்கடி மிகுந்த அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் குடியேறினர். அக்காலத்தில் பழைய நகரம் வறுமைக்கும் நோய்க்கும் பெயர் பெற்றிருந்தது. அத்தகைய பகுதிகளை முற்றாக இடித்துவிட்டு அகன்ற தெருக்கள் அமைப்பதே ஐரோப்பிய நகராட்சிகள் பலவற்றின் அணுகுமுறையாக இருந்தது.

கெடிசும் அன்னாவும் வேறு வழியைக் கைக்கொண்டனர். முதலில் தம் வீட்டைச் சுத்தம் செய்து வண்ணம் பூசினர். பலகணிகளில் பூஞ்செடிகள் வளர்த்தனர். அதன் பின் அண்டை வீட்டாரையும் முற்றத்தைத் தூய்மை செய்யும் பணியில் சேர்த்துக்கொண்டனர். வாழத்தகாத சில கட்டடங்கள் மட்டும் அகற்றப்பட்டன. காற்றும் வெளிச்சமும் கிடைத்ததும் எஞ்சிய கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. மாணவர்கள் தாமே நிருவகிக்கும் தங்கும் விடுதிகளும் இப்பகுதியில் தொடங்கப்பட்டன. பிற்காலத்தில் இவர்களின் மகள் நோரா, பழைய நகரின் வெற்று மனைகளில் சிறு தோட்டங்களை வடிவமைத்தார்.

1892 இல் எடின்பரோ கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கட்டடத்தைப் பெற்று அதை நோக்குக் கோபுரம் என்னும் அருங்காட்சியகமாக மாற்றினார். உச்சியில் நகரின் உருவம் ஒளிப்பெட்டி மூலம் ஒரு மேசையின் மீது விழுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து கீழே இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என ஒவ்வொரு தளத்திலும் காட்சிப்பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. தம் ஊரை அறிந்த குடிமகனே அதன் எதிர்காலம் குறித்துக் கருத்துச் சொல்ல வல்லவன் என்பதே இக்கோபுரத்தின் நோக்கமாக இருந்தது. நகரக் கண்காட்சிகள் மீது இவர் கொண்டிருந்த நம்பிக்கைக்கும் இதுவே அடிப்படை.

திட்டமிடல் முறைகள்

கெடிசின் முறையில் இரண்டு கருத்துகள் முதன்மையானவை. இரண்டும் மருத்துவத் துறையிலிருந்து எடுக்கப்பட்டவை.

முதலாவது நோயறி அளவாய்வு. மருத்துவர் நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. அதுபோல, திட்டமிடலாளர் வரைபலகையின் முன் அமர்வதற்கு முன்னர் நகரின் சந்து பொந்துகளில் பல நாட்கள் நடக்க வேண்டும். கிணறு, குளம், கோயில், மரநிழல், கடைவீதி ஆகியவற்றை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். நகரின் வரலாறு, தொழில்கள், நிலவியல், நீர்ப்போக்கு ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். அளவாய்வுக்குப் பின்னரே திட்டம் என்ற இந்த வரிசைமுறை பின்னர் உலகெங்கும் திட்டமிடல் பாடநூல்களில் இடம்பெற்றது.

இரண்டாவது பேணும் அறுவை முறை. உடலைக் காப்பாற்றுவதே அறுவையின் நோக்கம். எனவே வெட்டுவது மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு நெருக்கமான குடியிருப்பில் ஏற்கனவே இடிந்துகிடக்கும் வீடுகள், வெற்று மனைகள், பயன்படாத மூலைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்துத் திறந்த வெளிகளாக்குவது இம்முறையின் முதற்படி. பின்னர் சந்துகளின் இடையூறான இடங்களில் மட்டும் சிறிது அகலப்படுத்தலாம். மரங்களும் கிணறுகளும் வழிபாட்டிடங்களும் அப்படியே விடப்படும். வீடிழக்கும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே வேறு இடம் ஏற்படுத்தித் தர வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் வெளியேற்றப்பட்டவர்கள் அடுத்த தெருவிலேயே நெருக்கியடித்துக் குடியேறுவர் என்றும், ஒரு சேரியை ஒழிப்பதாகச் சொல்லி இன்னொன்றை உருவாக்குவதே அதன் விளைவாக இருக்கும் என்றும் கெடிஸ் தொடர்ந்து வாதிட்டார்.

1915 இல் வெளியான சிட்டீஸ் இன் எவலூஷன் என்னும் நூலில் இக்கருத்துகளைப் பொதுமக்களுக்காக விளக்கினார். அருகருகே உள்ள நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கலப்பதைக் குறிக்கும் கூட்டுநகரம் என்னும் கருத்துக்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கியவரும் இவரே.

சென்னை வருகையும் எம்டன் கப்பலும்

1910 ஆம் ஆண்டு முதல் கெடிஸ் நகரங்கள் மற்றும் நகரத் திட்டமிடல் கண்காட்சி ஒன்றைப் பல ஊர்களுக்கும் எடுத்துச் சென்றார். பண்டைய நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், ஒளிப்படங்கள், மாதிரிகள் ஆகியவை இதில் இடம்பெற்றன. 1913 இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கண்காட்சியில் இது பெரும் பாராட்டைப் பெற்றது.

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லாந்து பிரபு, முன்னர் ஸ்காட்லாந்து அமைச்சராகப் பணியாற்றியவர். அவருடைய அழைப்பை ஏற்றுக் கெடிஸ் தம் மகன் அலாஸ்டருடன் 1914 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். காட்சிப்பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலில் தனியாக அனுப்பப்பட்டன. முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்ட காலம் அது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகப் பகுதியைக் குண்டுவீசித் தாக்கி, தமிழில் எம்டன் என்னும் புதுச்சொல் வழங்கக் காரணமான அதே செருமானியப் போர்க்கப்பல், அக்டோபரில் கிளான் கிராண்ட் கப்பலையும் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த கண்காட்சி முழுவதும் கடலுக்குள் சென்றது.

கெடிஸ் திரும்பிப் போகவில்லை. பிரித்தானியாவிலிருந்த நண்பர்கள் விரைவாகத் திரட்டி அனுப்பிய புதிய தொகுப்பைக் கொண்டு, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடத்தப்பட்டது. நகரத் திட்டம் என்பது பொறியாளர்களின் அலுவலக அறைக்குள் முடிந்துவிடும் செயல் அன்று, அது பொதுமக்கள் பார்த்து விவாதிக்க வேண்டிய பொருள் என்பதை இக்கண்காட்சி சென்னை மக்களுக்கு எடுத்துக்காட்டியது.

தமிழக நகரங்கள் பற்றிய அறிக்கைகள்

கண்காட்சிக்கு இடையிலும் அதன் பின்னரும் கெடிஸ் மாகாணத்தின் பல நகரங்களுக்குச் சென்றார். அக்கால நகராட்சிகள் கொள்ளைநோய்களாலும் கழிவுநீர்ச் சிக்கலாலும் நெருக்கடியிலிருந்தன. நலவாழ்வு அதிகாரிகளும் பொறியாளர்களும் முன்வைத்த தீர்வு பெரும்பாலும் ஒரே வகையானது. பழைய குடியிருப்புகளின் ஊடாக நேர்கோட்டில் தெருக்களையும் வடிகால்களையும் வெட்டுவதும், வழியில் நிற்கும் வீடுகளை இடிப்பதுமே அது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு இத்தகைய ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெடிஸ் அப்பகுதியை நடந்து பார்த்து, ஒவ்வொரு வீட்டின் நிலையையும் குறித்து, மாற்று வரைபடம் ஒன்றை வரைந்தார். புதிதாக வெட்டப்படவிருந்த தெருக்கள் தேவையற்றவை என்றும், இருக்கும் சந்துகளே போக்குவரத்துக்குப் போதுமானவை என்றும் அவ்வரைபடம் காட்டியது. பாழடைந்த சில வீடுகளை அகற்றி வெற்று மனைகளோடு இணைத்தாலே எல்லா வீடுகளுக்கும் காற்றோட்டம் கிடைக்கும் என்று விளக்கினார். இதற்கான செலவு நகராட்சித் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பகுதியே ஆகும் என்பதையும் சுட்டிக்காட்டினார். செலவு குறைவு என்பது நகராட்சி உறுப்பினர்களுக்கான வாதம். வீடும் தொழிலும் அண்டை அயலாரும் ஒருங்கே பறிபோகாமல் இருப்பது குடியிருப்போருக்கான நன்மை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டியதே இவ்வறிக்கையின் சிறப்பாகும்.

மதுரையிலும் இதே அணுகுமுறையைக் கையாண்டார். மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணி, மாசி எனத் தமிழ் மாதங்களின் பெயரால் அடுக்கடுக்காக அமைந்த வீதிகள், திருவிழா ஊர்வலங்களோடும் குடியிருப்புகளோடும் பின்னிப் பிணைந்தவை. காஞ்சிபுரத்தின் அகன்ற தேர்வீதிகளையும் கோயில்களும் வீடுகளும் தோப்புகளும் ஒருங்கிணைந்த அமைப்பையும் கெடிஸ் மிக உயர்வாக மதிப்பிட்டார். நான்கு தேர்வீதிகளால் சூழப்பட்ட சிதம்பரம் போன்ற கோயில் நகரங்களிலும் காணப்படும் இந்த மரபு, ஐரோப்பியத் திட்டமிடலாளர்களும் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு நகரக் கலை என்பது அவர் கருத்தாக இருந்தது. சி. பி. வெங்கடராம ஐயர் எழுதி 1916 இல் வெளியான பண்டைத் தக்காண நகரத் திட்டமிடல் பற்றிய ஆங்கில நூலுக்குக் கெடிஸ் முன்னுரை வழங்கினார்.

குளங்களைத் தூர்ப்பது பற்றியும் அவர் மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்தார். மலேரியா பரவும் என்ற அச்சத்தால் நகர்ப்புறக் குளங்களை மூடிவிட அதிகாரிகள் விரும்பினர். குளங்கள் வெப்பத்தைத் தணிப்பவை, மழைவெள்ளத்தைத் தாங்குபவை, நீராடவும் வழிபடவும் பயன்படுபவை எனக் கெடிஸ் எடுத்துரைத்தார். அவற்றைத் தூய்மை செய்து, கொசுப் புழுக்களைத் தின்னும் மீன்களையும் வாத்துகளையும் வளர்க்கலாம் என்பது அவரது பரிந்துரை.

1915 முதல் 1919 வரை இந்தியாவில் ஏறத்தாழ 50 நகரங்களைப் பற்றி அவர் அறிக்கைகள் எழுதினார். இவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை சாக்குலின் டிர்விட் தொகுத்து 1947 இல் நூலாக வெளியிட்டார்.

இந்தோர் தீபாவளி ஊர்வலம்

மக்கள் பங்கேற்பில் கெடிஸ் கொண்டிருந்த நம்பிக்கைக்கு இந்தோர் நிகழ்ச்சி சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. இந்தோர் அரசின் அழைப்பில் 1917 இல் அங்கு சென்றபோது நகரில் பிளேக் நோய் பரவியிருந்தது. வரைபடங்களோடு தெருக்களில் திரிந்த கெடிசைக் கண்டு, இவர் வீடுகளை இடிக்க வந்தவர் என மக்கள் அஞ்சி விலகினர்.

இந்நிலையை மாற்ற, கெடிஸ் ஒரு நாள் மட்டும் தம்மை மன்னராக்குமாறு இந்தோர் அரசரைக் கேட்டுக்கொண்டதாக அவரது வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தீபாவளி ஊர்வலம் அவ்வாண்டு வழக்கமான பாதையில் செல்லாது, வீடுகளைச் சுத்தம் செய்து பழுதுபார்த்த தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. தம் தெருவுக்கு ஊர்வலம் வர வேண்டும் என்ற ஆவலில் மக்கள் வீடுகளைத் துப்புரவாக்கி வெள்ளையடித்தனர். குப்பைகள் வண்டி வண்டியாக வெளியேற்றப்பட்டன. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனின் உருவமும், பிளேக் நோயைப் பரப்பும் எலியின் பேருருவமும் கொண்டு செல்லப்பட்டு இறுதியில் எரிக்கப்பட்டன. நகரின் துப்புரவுப் பணியாளர்கள் புத்தாடையும் மாலையும் அணிந்து, மலர் சூட்டிய துடைப்பங்களுடன் ஊர்வலத்தில் நடந்தனர். அதன் பின்னர், தெருக்களில் கெடிசுக்குக் கிடைத்த வரவேற்பு முற்றிலும் மாறியது.

இந்தோர் பற்றிய அவரது அறிக்கை 1918 இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. வீட்டு முற்றத்துத் துளசி மாடத்தைத் தூய்மைக்கும் இல்லத்தலைவியின் பொறுப்புக்கும் அடையாளமாக எடுத்துக்கொண்டு, பெண்களின் அன்றாட அறிவிலிருந்தே நகரச் சீரமைப்பைத் தொடங்கலாம் என்று அதில் வாதிட்டார்.

சொந்த இழப்புகள்

1917 கெடிசின் வாழ்க்கையில் துயரமான ஆண்டாகும். சென்னைக் கண்காட்சியில் உடன் உழைத்த மூத்த மகன் அலாஸ்டர், அவ்வாண்டு ஏப்ரலில் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது அன்னா இந்தியாவில் குடற்காய்ச்சலால் படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் தெரிவிக்கவில்லை. சில வாரங்களில் அன்னாவும் காலமானார். எடின்பரோ அடுக்குக் குடியிருப்பிலிருந்து தொடங்கிய பணிகள் அனைத்திலும் பங்குகொண்டவரை இழந்த அதே ஆண்டில்தான் கெடிஸ் இந்தோர்ப் பணியை மேற்கொண்டார்.

பிற்கால வாழ்க்கை

1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட சமூகவியல் மற்றும் குடிமையியல் துறையின் முதல் பேராசிரியராகக் கெடிஸ் பொறுப்பேற்றார். இந்தியச் சமூகவியலின் முன்னோடிகளுள் ஒருவரான கோ. ச. குர்யே இவரது மாணவர். அவரை மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தவரும் கெடிசே. அறிவியலாளர் சகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920 இல் வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். இளைய மகன் ஆர்தர் சிறிது காலம் தாகூரின் சீனிகேதன் ஊரகப் பணிகளில் ஈடுபட்டார். இக்காலத்தில் பாலத்தீனத்திலும் பணியாற்றிய கெடிஸ், டெல் அவீவ் நகருக்கு 1925 இல் திட்டம் வகுத்தார்.

1924 இல் உடல்நலக் குறைவால் இந்தியாவை விட்டு நீங்கி, தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் குடியேறி, அங்கு ஸ்காட்டியர் கல்லூரியை நிறுவினார். 1932 இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று மோன்பெலியேயில் காலமானார். அமெரிக்க நகரவியல் அறிஞர் லூயிஸ் மம்போர்டு இவரைத் தம் ஆசானாகக் கருதியவர். கெடிசின் கருத்துகள் உலகளவில் பரவியதில் மம்போர்டின் நூல்களுக்குப் பெரும் பங்குண்டு.

பங்கேற்புத் திட்டமிடலும் கெடிசும்

கெடிஸ் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், திட்டமிடலாளரின் பணி என்ன என்ற கேள்வி அமெரிக்காவில் கூர்மையாக எழுந்தது. நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் ஏழைகளின் குடியிருப்புகள் பெருமளவில் இடிக்கப்பட்டதே இதற்குக் காரணம். திட்டமிடலாளரும் வழக்கறிஞருமான பால் டேவிடாப் 1965 இல் எழுதிய கட்டுரையில், பொதுநலன் என்பதை ஒரே திட்டம் பிரதிபலிக்க முடியாது என்று வாதிட்டார். வழக்கில் ஒவ்வொரு தரப்பினருக்கும் வழக்கறிஞர் இருப்பது போல, ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் அவர்கள் சார்பில் மாற்றுத் திட்டம் வரைந்து வாதாடும் திட்டமிடலாளர் வேண்டும் என்பது அவரது கருத்து. இது பரிந்து பேசும் திட்டமிடல் எனப்படுகிறது. 1969 இல் செரி ஆர்ன்சுடைன், குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். மக்களை ஏய்த்து இணங்கச் செய்வது அடிப்படியிலும், தகவல் தருவதும் கருத்துக் கேட்பதும் இடைப்படிகளிலும், மக்களே முடிவெடுப்பது உச்சிப்படியிலும் வைக்கப்பட்டன.

இவ்விரு அளவுகோல்களைக் கொண்டு பார்க்கும்போது கெடிசின் நிலை தெளிவாகிறது. தஞ்சாவூரில் நகராட்சியின் திட்டத்துக்கு எதிராகக் குடியிருப்போரின் நலன் கருதி மாற்று வரைபடம் வரைந்தது, டேவிடாப் பின்னர் வகுத்த பணியை ஒத்தது. எனினும் கெடிசை அமர்த்தியவர்கள் குடியிருப்போர் அல்லர். ஆளுநர்களும் அரசர்களும் நகராட்சிகளுமே. இடிக்கப்பட வேண்டிய வீடு எது என்பதைத் தீர்மானித்தவர் வல்லுநரான கெடிசே. இந்தோரில் மக்கள் ஆர்வத்தோடு உழைத்தனர். ஆனால் ஊர்வலத்தின் விதியை வகுத்தவர் ஒரு நாள் மன்னர். மாலையிடப்பட்ட துப்புரவுப் பணியாளர்களின் சமூக நிலை மறுநாள் மாறிவிடவில்லை. ஆர்ன்சுடைனின் ஏணியில் இது நடுப்படிகளைத் தாண்டுவதில்லை.

அறிஞர்களிடையே இரு வகைக் கருத்துகள் உள்ளன. குடியேற்ற ஆட்சியின் கட்டமைப்புக்குள் செயல்பட்டவர் என்பதால் அவரது மக்கள் பற்று வரம்புக்கு உட்பட்டது என்பர் ஒரு சாரார். வாக்குரிமையே மிகச் சிலருக்கு இருந்த காலத்தில், குடியிருப்போரின் பழக்கவழக்கங்களை அறியாமை என்று ஒதுக்காமல் அறிவாக மதித்ததே பெரிய மாற்றம் என்பர் மறுசாரார். அவரது அறிக்கைகளின் சுற்றிவளைத்த நடையும், தாடிக்குள் முணுமுணுப்பது போன்ற பேச்சும் அவர் கருத்துகள் அதிகாரிகளைச் சென்றடையத் தடையாக இருந்தன. பொறியாளர்களோடு ஏற்பட்ட முரண்பாடுகளும் சேர்ந்து, பல பரிந்துரைகள் நிறைவேறாமற் போயின.

தொழில்முறைத் திட்டமிடலாளர்களின் மனப்பாங்கு இன்றும் இரண்டாகவே பிரிந்துள்ளது. மக்களைக் கலந்துகொண்டால் காலதாமதம் ஏற்படும், உரத்துப் பேசும் சிலரே அவையை ஆள்வர், வடிகால் சரிவு போன்ற நுட்பங்கள் பொதுமக்களுக்குப் புரியா என்பன எதிர்வாதங்கள். எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பதை வரைபடத்தைவிடக் குடியிருப்போரே நன்கறிவர் என்பது ஆதரவு வாதம். கெடிசின் நோயறி அளவாய்வு இந்த இரண்டாம் வாதத்தின் தொடக்கமாகும்.

தமிழ்நாட்டுச் சட்டங்களில் தொடர்ச்சி

கெடிசுடன் சென்னையில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் எச். வி. லான்செஸ்டர், சென்னை நகரத் திட்டமிடல் பற்றிய நூலை 1918 இல் வெளியிட்டார். சென்னை மாகாண நகரத் திட்டமிடல் சட்டம் 1920 இல் நிறைவேறியது. இதன் இடத்தைத் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 எடுத்துக்கொண்டது. இச்சட்டப்படி முழுமைத் திட்டம் இறுதியாக்கப்படும் முன், வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் மறுப்புகளையும் ஆலோசனைகளையும் பெற வேண்டும். ஆர்ன்சுடைனின் ஏணியில் இது கருத்துக் கேட்கும் படியாகும்.

1992 இல் நிறைவேறிய இந்திய அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம், 3 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. கடலூர் - பண்ருட்டி சாலையில் அமைந்துள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற பேரூராட்சிகள் இந்த எல்லைக்குள் வருவதில்லை. கெடிஸ் வற்புறுத்திய நேரடி அளவாய்வு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு தெருவையும் அறிந்திருக்கும் இத்தகைய சிற்றூர்களில்தான் எளிதாக நடைபெறக்கூடியது. 2022 இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான வார்டு குழு மற்றும் பகுதி சபை விதிகள் வெளியிடப்பட்டன. வாக்காளர்கள் தம் பகுதியின் தேவைகளை நேரில் கூடிப் பேச இவை வழிசெய்கின்றன.

மக்களிடம் கேட்பது ஒன்று. கேட்டதைக் கொண்டு திட்டத்தை மாற்றுவது வேறொன்று. கெடிசின் அறிக்கைகள் முதலாவதன் தேவையை நிறுவின. இரண்டாவதைக் கட்டாயமாக்கும் சட்டவழிகள் எவை என்பது, அவர் தஞ்சாவூர்ச் சந்துகளில் நடந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும், திட்டமிடல் துறையின் முதன்மையான கேள்விகளுள் ஒன்றாகத் தொடர்கிறது.